காலண்டர், டைரி, வெள்ளிக் காசு: வாடிக்கையாளருக்குக் கொடுத்த கதை

1967-ல் ஏர் இந்தியா ஒரு ஆஷ்ட்ரேக்கு விலையாக ஒரு யானைக்குட்டியைக் கொடுத்தது. கட்டுக்கதையில்லை, நடந்தது. முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசாகக் கொடுக்கப் புதுசாக ஏதாவது வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை. ஓவியர் சல்வடோர் டாலியிடம் போய்க் கேட்டார்கள். அவரும் வடிவமைத்துக் கொடுத்தார். நடுவில் சிப்பி, விளிம்பைச் சுற்றி ஒரு பாம்பு, கீழே தாங்குவதற்கு அன்னமும் யானைத் தலையும். அன்னத்தைத் தலைகீழாகப் பார்த்தால் யானை, யானையைத் தலைகீழாகப் பார்த்தால் அன்னம். பணம் வேண்டாம், ஒரு யானைக்குட்டி போதும் என்றாராம் டாலி. ஹனிபல் மாதிரி யானையோடு ஆல்ப்ஸ் மலையைக் கடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை! பெங்களூரிலிருந்து ஒரு குட்டி விமானம் ஏறி ஜெனீவா போய், அங்கிருந்து சாலை வழியாக ஸ்பெயினில் அவருடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆஷ்ட்ரேக்கள் பீங்கானில் சில நூறு செய்யப்பட்டன. இன்றைக்கு எப்போதாவது ஒன்று ஏலத்துக்கு வருகிறது.

வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுக்கும் ஒரு பொருளுக்காக ஒரு கம்பெனி இவ்வளவு தூரம் போகுமா என்று கேட்பவர்கள் விற்பனைத் துறையில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். நான் பம்பாயில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் தொழிற்சாலைகளுக்கு வால்வும் பம்பும் விற்ற ஆள். அக்டோபர் பிறந்தால் எங்கள் ஆபீஸில் பேச்சே வேறு. இந்த வருடம் யாருக்கு என்ன கொடுப்பது, யாருக்குப் பெரிய பெட்டி, யாருக்கு வெறும் டைரி. அந்தப் பட்டியலைத் தயாரிப்பது ஆர்டர் பிடிப்பதைவிடக் கஷ்டமான வேலை. இப்போது கொஞ்சம் நேரம் கிடைத்திருப்பதால், இந்தப் பழக்கம் நம் நாட்டில் எப்படி வந்தது, எப்படி மாறியது என்று படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

டாலி என்றதும் இன்னொரு டாலி ஞாபகம் வருகிறது. இது ஓவியர் இல்லை, கூடை. வெள்ளைக்காரன் காலத்தில் கிறிஸ்துமஸுக்கும் புதுவருடத்துக்கும் துரைமார் பங்களாவுக்கு உள்ளூர் வியாபாரிகளும் காண்ட்ராக்டர்களும் தட்டு தட்டாகப் பழம், பூ, காய்கறி, இனிப்பு கொண்டுபோய் வைப்பார்கள். வட இந்தியாவில் அதற்கு 'டாலி' என்று பெயர். பழத்துக்கு அடியில் ஒரு பாட்டிலோ வேறு எதுவோ இருப்பதும் உண்டு. அதனால்தான் பழமும் பூவும் மட்டும் வாங்கலாம் என்று அரசாங்கம் தன் அதிகாரிகளுக்கு விதி போட வேண்டி வந்தது.

விதி போட்டது அப்போது முதல் முறையும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1764-லேயே தன் ஊழியர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்க முடிவு செய்தது. இந்தியர்களிடமிருந்து 4000 ரூபாய்க்கு மேல் பரிசு வந்தால் அதைக் கம்பெனியிடம் கட்டிவிட வேண்டும். 4000-க்கு உட்பட்டதாக இருந்தாலும், 1000 ரூபாயைத் தொட்டால் கவர்னர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். இதை 1765-ல் கல்கத்தாவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அமல்படுத்தியவர் யார் தெரியுமா? ராபர்ட் கிளைவ். 1757-ல் பிளாசிக்குப் பிறகு மீர் ஜாஃபரிடம் தனக்கென்று பெரும் செல்வத்தையும் பின்னால் ஒரு ஜாகீரையும் வாங்கிக்கொண்ட அதே கிளைவ்! 1773-ல் வந்த ரெகுலேட்டிங் சட்டம் கவர்னர் ஜெனரல், கவுன்சில் உறுப்பினர்கள், நீதிபதிகள் எல்லோரும் பரிசு வாங்குவதைத் தடுத்தது. நம் பக்கமும் சளைக்கவில்லை. புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், யார் யாருக்கு என்ன நஜர் வைத்தார்கள் என்பது அந்தக் காலத்தில் அன்றாடச் செய்தி.

நஜரும் டாலியும் அதிகாரத்துக்குக் கொடுத்தவை. கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்கு வைப்பது. விற்கிறவன் தன் பெயரைப் போட்டு வாங்குகிறவனுக்குக் கொடுப்பது என்பது வேறு வம்சம். அதன் மூலத்தைத் தேடினால் ஜவுளிக் கடைக்குப் போக வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர் துணி இந்தியாவில் மலைமலையாக வந்து இறங்கியது. எல்லா மில் துணியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்குகிறவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு துணியின் மேலும் வண்ணப் படம் அச்சிட்ட ஒரு தாளை ஒட்டி அனுப்பினார்கள். வியாபாரத்தில் அதற்கு 'டிக்கெட்' என்று பெயர். கிருஷ்ணர், லட்சுமி, அனுமார், ராஜாக்கள், யானை, புலி என்று என்னென்னவோ. கிரகாம், ரல்லி பிரதர்ஸ் போன்ற கம்பெனிகளின் டிக்கெட்டுகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. "போன தடவை வாங்கினேனே, அந்தக் கிருஷ்ணன் மார்க் துணி" என்று கேட்டு வாங்கினால் போதும். பிரிட்டனில் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் சட்டம் 1875-ல் வந்தது, இந்தியாவில் வணிகக் குறிகள் பற்றிய சட்டம் 1889-ல் வந்தது. அடுத்தவன் மார்க்கைத் திருடுவது அவ்வளவு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த டிக்கெட்டைக் கிழித்து எறிய யாருக்கு மனசு வரும்? சாமி படம் அல்லவா. துணியைத் தைக்கக் கொடுத்துவிட்டு டிக்கெட்டைப் பூஜை அலமாரியில் ஒட்டினவர்கள் உண்டு. வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் கம்பெனிக்கு இலவசமாக ஒரு இடம். இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது என்று மான்செஸ்டர்காரன் புரிந்துகொண்டான். பின்னால் பம்பாய், அகமதாபாத் மில்களும் அதையே பிடித்துக்கொண்டன, சுதேசிக் காலத்தில் பாரத மாதாவைப் போட்டு.

இதற்கு நடுவில் ரவி வர்மா. பெரிய மனிதர்கள் வீட்டில் மட்டும் தொங்கும் எண்ணெய் ஓவியங்களை அச்சில் கொண்டுவந்தால் எல்லோருக்கும் போகுமே என்று அவருக்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர் சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்துக்காரர், திருவாங்கூர், இந்தூர், பரோடா மூன்று சமஸ்தானங்களிலும் திவானாக இருந்தவர். 1894-ல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் தொடங்கியது. ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் நிபுணர். பிறகு லோனாவலா பக்கம் மளவலிக்குப் போனது. அச்சகம் ரவி வர்மாவுக்கு நஷ்டம்தான், கடைசியில் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற அந்த ஜெர்மன்காரரிடமே கைமாறியது. ஆனால் லட்சுமியும் சரஸ்வதியும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நம் எல்லோர் மனசிலும் இருக்கும் முகம் அந்த அச்சகத்திலிருந்து வந்தது. அதைக் கம்பெனிகள் விடுமா? குழந்தை கிருஷ்ணனைப் போட்ட உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் காலண்டர், சன்லைட் சோப் காலண்டர் என்று விலாயத்துக் கம்பெனிகள் நம் சாமிகளைச் சுமந்துகொண்டு வந்தன. (உட்வர்ட்ஸ் நம்மூர் டிடிகே சரக்காயிற்றே என்பவர்களுக்கு: அது 1851-ல் இங்கிலாந்தில் பிறந்த மருந்து.)

காலண்டர் என்றால் சிவகாசி. ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நான் சிவகாசிக்காரன் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி 1923-ல் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்துவிட்டால் அதற்கு வருடம் முழுக்க வேலை வேண்டும். மழை குறைவான ஊர், தீப்பெட்டி காய்வதற்கும் மை காய்வதற்கும் ஒரே வெயில். இப்படித்தான் காலண்டர் வந்தது. படம் வரைய ஆட்களும் பக்கத்திலேயே கிடைத்தார்கள். கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898-1976) இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும்தான் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கினார்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு பாத்திரக் கடையின் அல்லது காபிக் கடையின் பெயரோடு.

சிவகாசியில் இந்த வியாபாரத்துக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. ஆடிப்பெருக்கு, அதாவது ஆடி 18 அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு நாடு முழுக்கப் போவார்கள். கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார், எத்தனை வேண்டும் என்பார், அடியில் தன் கடைப் பெயர், விலாசம் எழுதிக் கொடுப்பார். ஒரே லட்சுமி திருநெல்வேலியில் நகைக்கடைக்கும் நாக்பூரில் டயர் கடைக்கும் போவாள். டிசம்பரில் பார்சல் வந்துவிடும்.

தினசரிக் காலண்டர் பற்றி நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பம்பாயில் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒன்று தொங்கும். யார் ஊருக்குப் போனாலும் ஜனவரியில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள், அட்டை மடங்காமல் இருக்க வேட்டிக்கு நடுவில் வைத்து. திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்று அது சொல்லும். ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. பம்பாயில் ஜனவரியில் சூரியன் எழுந்திருக்கவே ஏழு மணி தாண்டிவிடும். என் மனைவியிடம் ஒரு தடவை இதை விளக்கிச் சொன்னேன். "காலண்டர்ல என்ன போட்டிருக்கோ அதுதான்" என்று சொல்லிவிட்டாள். விவாதம் முடிந்தது :-)

இங்கே உள்ளூரில் 1973-ல் ஜெயந்த்ராவ் சால்காவ்கர் தொடங்கிய காலநிர்ணய் ராஜ்ஜியம் செய்கிறது. அதற்குத் தமிழ்ப் பதிப்பும் வந்தது. ஆனால் அது காசு கொடுத்து வாங்கும் காலண்டர். கடைக்காரர் கொடுத்த காலண்டர் தனி ஜாதி. நிற்க.

கடைக்காரர் ஏன் கொடுத்தார் என்பதற்கு 'விளம்பரம்' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில். மீதிப் பாதி கல்கத்தாவில் இருந்த நண்பர்கள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. நமக்குச் சித்திரை ஒன்று வரும் அதே வேளையில் வங்காளிகளுக்குப் பொய்லா பொய்ஷாக். அன்று கடைகளில் 'ஹால் காதா', புதுக்கணக்கு. சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டைக் கோயிலில் வைத்துப் பூஜை செய்து, குங்குமத்தில் ஸ்வஸ்திகம் போட்டுத் தொடங்குவார்கள். வாடிக்கையாளர்களை முன்பே அழைத்திருப்பார்கள். வருகிறவர் பழைய பாக்கியைத் தீர்ப்பார், முடியாவிட்டால் ஒரு பகுதியாவது கொடுப்பார். கையில் ஒரு இனிப்புப் பெட்டியும் ஒரு வங்காளிக் காலண்டரும் கொடுத்து அனுப்புவார்கள். மேற்கே தீபாவளிக்குக் குஜராத்திகளும் மார்வாடிகளும் செய்யும் சோப்டா பூஜையும் கணக்குப் புத்தகத்துக்குத்தான்.

பாருங்கள், காலண்டர் கைமாறும் அதே நேரத்தில் கடன் தீர்கிறது. போன வருடக் கணக்கை முடித்தோம், வருகிற வருடத்துக்கும் உமக்குக் கடன் தருவேன் என்பதுதான் அந்தக் காலண்டரின் அர்த்தம். பாங்கும் கிரெடிட் கார்டும் இல்லாத பஜாரில், எழுத்தில் இல்லாத ஒரு ஒப்பந்தத்துக்கு அது ரசீது. இந்தியக் காலண்டர் கலை பற்றி 2007-ல் புத்தகம் எழுதிய கஜ்ரி ஜெயின் இதைத்தான் விரிவாக ஆராய்கிறார். காலண்டரை விளம்பரமாக மட்டும் பார்க்காமல், கடனும் நம்பிக்கையும் புரளும் பஜாரில் கொடுக்கப்படும் பரிசாகப் பார்க்கிறார். அவர் சிவகாசிக்கும் வந்து ஆராய்ந்தவர். நம்மூர் ஜவுளிக்கடை மஞ்சப்பையும் இதே குடும்பம்தான். பட்டுப்புடவை எடுத்துவிட்டு மஞ்சப்பையோடு தெருவில் நடந்தால் எந்தக் கடையில் கல்யாண ஜவுளி எடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். (அந்தப் பையை 2021 டிசம்பரில் தமிழக அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று கொண்டுவந்தது, பிளாஸ்டிக்கை ஒழிக்க.)

நான் முக்கியம் என்று நினைப்பது இதுதான்: ஊருக்கே தெரியும் என்பது. காலண்டரை ஒளித்து வைக்க முடியாது. சுவரில் ஆணி அடித்து மாட்டினால்தான் அதற்குப் பயன். பத்துக் கடைக் காலண்டர் வந்தால் பத்தில் ஒன்றுதான் ஹாலில், மற்றவை சமையலறை, மாடிப்படி, பக்கத்து வீடு. யார் யாரோடு வியாபாரம் வைத்திருக்கிறார் என்பது சுவரைப் பார்த்தால் தெரியும்.

டைரி அதற்கு அடுத்த படி. அதில் கொஞ்சம் அந்தஸ்து சேர்ந்தது. காலண்டர் எல்லோருக்கும், டைரி மேனேஜருக்கு. முதல் பக்கத்தில் பெயர், விலாசம், ரத்தப் பிரிவு, பாஸ்போர்ட் எண், கார் எண், விபத்து என்றால் யாருக்குத் தகவல் சொல்வது. பாஸ்போர்ட்டும் காரும் இல்லாத நாங்கள் அதை ஒவ்வொரு வருடமும் ஏக்கத்தோடு காலியாக விடுவோம். பின்னால் எஸ்டிடி கோடு, நகரங்களுக்கு இடையே தூரம், அளவை மாற்றும் அட்டவணை. ஆபீஸில் யாரும் அதில் டைரி எழுதிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்கு வாழ்க்கை. பால் கணக்கு, சலவைக் கணக்கு, கோலம், ரேடியோவில் கேட்டு எழுதிய பாட்டு, ஊறுகாய்க்கு எத்தனை பங்கு உப்பு. என் அம்மாவின் சமையல் குறிப்பு முழுக்க ஒரு உரக் கம்பெனியின் 1978 டைரியில் இருக்கிறது. அந்தக் கம்பெனி பெயரை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரியும், ஒரு மூட்டை உரம் வாங்காமலே.

1991-க்குப் பிறகு காட்சி மாறியது. நான் பம்பாய்க்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். போட்டி அதிகமானது, கம்பெனிகளில் காசும் புழங்கியது. காலண்டர் கொடுத்தால் "இவ்வளவுதானா?" என்று பார்க்க ஆரம்பித்தார்கள். முந்திரி பாதாம் பெட்டி, பேனா செட், சுவர்க் கடிகாரம், வெள்ளிக் காசு, பிறகு கிஃப்ட் வவுச்சர். சிமெண்ட், பெயிண்ட் வியாபாரத்தில் டீலர்களைக் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். பெயிண்ட் டப்பாவுக்குள் டோக்கன் போட்டார்கள், அது கடைக்காரருக்கு அல்ல, எந்தப் பெயிண்ட் வாங்கலாம் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லும் பெயிண்டருக்கு. யார் முடிவெடுக்கிறார்களோ அவர் கைக்கு நேராகப் போய்ச் சேருவதுதான் புதிய கெட்டிக்காரத்தனம்.

பரிசு கடையிலிருந்து கடைக்குப் போனது போய், கம்பெனியிலிருந்து ஒரு தனி மனிதரின் வீட்டுக்குப் போகத் தொடங்கியது. பெட்டியில் கம்பெனி பெயர் சின்னதாகி, சில சமயம் இல்லாமலே போனது. சுவரில் மாட்டுகிற பொருள் சட்டைப்பைக்குள் போகிற பொருளாக மாறிய கதை இது.

தொண்ணூறுகளின் கடைசியில் தாணே பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் மேனேஜராக ஒரு தமிழர் இருந்தார். பாலக்காட்டுப் பக்கம், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஒரு தீபாவளிக்கு எங்கள் கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு டைரி, இரண்டு காலண்டர், கூட ஒரு வெள்ளிக் காசு போயிற்று. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். காபி கொடுத்து அனுப்பினார், ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து எங்கள் ஸ்டோருக்கு அவர்கள் வண்டியில் ஒரு சின்னப் பார்சல். உள்ளே அந்தக் காசு, கூடவே முறையான ரிஜெக்ஷன் நோட். பொருள்: வெள்ளி நாணயம், எண்ணிக்கை 1. காரணம் என்ற கட்டத்தில் 'ஆர்டரில் இல்லாத சரக்கு' என்று எழுதியிருந்தார். கீழே ஸ்டோர்ஸ் கிளார்க், செக்யூரிட்டி எல்லோருடைய கையெழுத்தும். அடுத்த வாரம் போனில் வால்வு டெலிவரி பற்றிப் பேசிவிட்டு, "தம்பி, காலண்டர் இன்னும் ரெண்டு இருந்தா அனுப்புங்கோ, கேட்டுக்கு ஒண்ணு, லேபுக்கு ஒண்ணு" என்றார். அனுப்பினேன். அவர் ஓய்வு பெறும் வரை எங்களுக்கு ஆர்டர் வந்துகொண்டுதான் இருந்தது, சரக்கு ஒழுங்காகப் போன வரை.

எல்லோரும் அவரைப் போல இருந்தால் சட்டம் தேவைப்பட்டிருக்காது. அரசு ஊழியர்களுக்கு 1964-ன் நடத்தை விதிகளிலேயே பரிசு பற்றி விதி இருந்தது. எப்போதாவது ஒரு சாப்பாடு, ஒரு தடவை வண்டியில் இடம் கொடுப்பது பரிசாகாது, ஆனால் ஆடம்பர உபசாரம் கூடாது என்று அது சொன்னது. தனியார் கம்பெனிக்குள் யார் கேட்பது?

கேள்வி முதலில் வந்தது டாக்டர்கள் விஷயத்தில். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொடுத்த பேனாவும் மேசைக் காலண்டரும் இல்லாத கிளினிக்கை நாம் பார்த்ததில்லை. அது யாரையும் உறுத்தவில்லை. அதற்கு மேலே போனதுதான் பிரச்சினை. இங்கே வாங்குகிறவர் டாக்டர் இல்லை, நாம். விலை கொடுப்பவர் ஒருவர், பரிசு வாங்குபவர் வேறொருவர். 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் தன் நெறிமுறை விதிகளைத் திருத்தி, மருந்துக் கம்பெனிகளிடமிருந்து டாக்டர்கள் பரிசு, பயணம், பணம் பெறக் கூடாது என்றது. கம்பெனிகள் ஒரு சந்து கண்டுபிடித்தன: விதி டாக்டருக்குத்தானே, எங்களுக்கு இல்லையே. செலவை வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகக் காட்டின. இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, போனது ஒரு சென்னைக் கம்பெனி, அபெக்ஸ் லேபரட்டரீஸ். ஒரு சத்து மாத்திரைக்காக டாக்டர்களுக்குக் கொடுத்தவற்றில் தங்கக் காசு, எல்சிடி டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் இருந்தன என்று தீர்ப்பு சொல்கிறது. 2022 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பு. வாங்குவது தவறு என்றால் கொடுப்பதும் அதோடு சேர்ந்ததுதான், இதற்கு வரிச் சலுகை கிடையாது. அந்தச் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்பதையும் நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள். மாதாமாதம் அப்பா அம்மாவுக்கு ஊருக்கு மருந்துக் காசு அனுப்புகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

அதே வருடம் ஜூலை 1 முதல் இன்னொரு விதி. வியாபாரத் தொடர்பில் ஒருவருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பரிசோ சலுகையோ கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். டீலர் பாங்காக் பயணத்துக்கும் இது பொருந்தும். ஜிஎஸ்டியிலும் பரிசாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. அக்கவுண்ட்ஸ் பையன் "சார், கிஃப்ட் வாங்கினவரோட பான் நம்பர்?" என்று கேட்டபோது எங்கள் விற்பனைப் பிரிவில் விழுந்து விழுந்து சிரித்தோம். தீபாவளி இனிப்போடு பான் நம்பர் கேட்டால் எவர் கொடுப்பார்? மறு வருடம் பட்டியல் தானாகச் சுருங்கியது. 2024 மார்ச்சில் மருந்துத் துறைக்கு வந்த ஒழுங்குமுறை, டாக்டர்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ சொந்தப் பயனுக்கான பரிசு கூடாது, பிராண்டை ஞாபகப்படுத்தும் பொருளானால் ஒன்றின் மதிப்பு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. 1764-லும் ஆயிரம், 2024-லும் ஆயிரம்! அன்றைய ஆயிரத்துக்கு என்ன வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டு வயிறெரிய வேண்டாம்.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொரு உத்தரவு. 2020 செப்டம்பர் 2 அன்று, கொரோனா நடுவில், மத்திய நிதி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் எதுவும் இனிச் சுவர்க் காலண்டர், மேசைக் காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை அச்சிடக் கூடாது, எல்லாம் டிஜிட்டலில் இருக்கட்டும். சிக்கனம் என்றார்கள். 2025 செப்டம்பரில் தீபாவளிப் பரிசுக்கும் அரசுப் பணம் செலவழிக்கக் கூடாது என்று இன்னொன்று வந்தது. இரண்டாவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காலண்டர்? யாரையும் விலைக்கு வாங்காத, ஆணியில் பகிரங்கமாகத் தொங்கும் ஒரு தாள். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் டிசம்பரில் வங்கிக்குப் போய் மேனேஜரிடம் உரிமையோடு கேட்டு வாங்கியது. தங்கக் காசுக்கும் காலண்டருக்கும் ஒரே கத்திரியா? அச்சகக்காரர்களுக்கு அந்த வருடம் ஏற்கெனவே திருமண அழைப்பிதழ் இல்லை, பள்ளி நோட்டு இல்லை. அதன் மேல் இது.

சிவகாசி படுத்துவிடவில்லை. ஆடி 18 ஆல்பம் வருகிறது, நகைக்கடையும் மளிகைக்கடையும் அரசியல்வாதிகளும் ஆர்டர் கொடுக்கிறார்கள். போன டிசம்பரில் மாதுங்காவில் காபிப்பொடி வாங்கிய கடையில் தினசரிக் காலண்டர் கேட்டேன். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் என்றார் கல்லாவில் இருந்த பையன். உள்ளேயிருந்து அவன் அப்பா, "அடேய், சார் இருபது வருஷமா வர்றவர்டா, எடுத்துக் குடு" என்றார். கொடுத்தான். இந்த வருடம் பிள்ளையார் படம். அடியில் கடைப் பெயருக்குக் கீழே பெரிதாக வாட்ஸ்அப் நம்பர்.